பாதி மீன்

சொயின்டுலா,
ஆகஸ்ட் 11, ஞாயிறு.

அன்புத் தம்பி ஓலவிக்கு,

அக்கா சைமி எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் மரியாதை. அதை இப்போது எழுத எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் ‘ம்’ என்பதற்கு மேல் ஒரு சொல் செலவழிப்பதில்லை. போன வாரம் ‘அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும், அவசரம்’ என்று செய்தி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பினாய். அந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? போதாததற்கு நம் வீட்டுச் சுவர்களின் லட்சணம் உனக்கே தெரியும். அடுக்களையில் நான் பெருமூச்சு விட்டால் மாடியிலிருந்து அம்மா காரணம் கேட்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதை இப்போது மீறுகிறேன். அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. ஆபரேஷன் செய்தே தீர வேண்டும். விக்டோரியா நகர ஆஸ்பத்திரியில் ஜூன் மாதமே தேதி கொடுத்தார்கள். அம்மா தானே அவர்களுக்குப் போன் போட்டு, “இது மீன் சீசன், இப்ப எப்படிங்க வர முடியும்?” என்று கேட்டுத் தள்ளிவைத்துவிட்டாள். எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். அடுத்த தேதி செப்டம்பர் 18. இதையும் தள்ளினால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். எனக்கு அது போதும்.

எழுபத்திரண்டு வயது. படுக்கையறைக்கு ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குகிறாள். ஆனால் விடிந்ததும் சின்னப் படகை எடுத்துக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போய்விடுகிறாள். நாளுக்கு இரண்டு சினூக் சால்மன்தான் பிடிக்கலாம் என்று சட்டம். அந்த இரண்டும் கிடைக்கிற வரைக்கும் திரும்புவதில்லை. கிடைத்தால் அறுத்து, உப்பிட்டு, ஜாடியில் அடைத்து, குக்கரில் ஏற்றுகிறாள். எல்லாம் உனக்கு. கொழுப்பான வயிற்றுப்பக்கம் உன் ஜாடிக்கு, வால் துண்டும் கழுத்து முள்ளும் என் தட்டுக்கு. எனக்கு நாற்பத்தோரு வயது. இந்த வீட்டில் வயிற்றுப்பக்கத் துண்டு ஒன்று என் தட்டில் விழுந்ததாக ஞாபகம் இல்லை.

வேலையிடத்துக்குப் போனாலாவது இதை மறக்கலாம் என்று பார்த்தால் அங்கேயும் இதே கூத்து. நான் இன்னும் திமிங்கல ஆய்வுப் படகில்தான் இருக்கிறேன். வெர்னன் படகை ஓட்டுவான். ஓர்க்காக்கள் மீன் தின்ற இடத்தில் மிதக்கிற செதில்களை நான் நீளக் கைப்பிடி வலையால் அள்ளி, சின்னக் குப்பிகளில் போட வேண்டும். செதிலைப் பார்த்தால் என்ன மீன், எத்தனை வயது என்று தெரிந்துவிடும். எட்டு வருஷமாக அள்ளுகிறேன். வெர்னன் எனக்குச் செதிலம்மா என்று பேர் வைத்துவிட்டான், இப்போது படகுத்துறையில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஊர் உலகம் இவற்றைக் கொலைத் திமிங்கலம் என்கிறது. நம் ஜலசந்திக்கு வருகிற குடும்பங்களோ கடல்நாய் மூக்கை உரசிக்கொண்டு போனாலும் திரும்பிப் பார்க்காது. மீன் மட்டும்தான். அதிலும் சினூக்தான் வேண்டும். இந்த வருஷம் சின்னச் சால்மன்கள் தண்ணீரை மறைத்துக்கொண்டு ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே புகுந்து போய், அறுநூறு அடி ஆழத்தில் தனியாகத் திரிகிற ஒரே ஒரு சினூக்கைச் சத்தம் விட்டுத் தேடிப் பிடித்து வருகிறார்கள். நாக்கு அப்படி.

தபால்காரியை உனக்கு ஞாபகம் இருக்கும். முதுகுத் துடுப்பின் நுனியில் இரண்டு வெட்டு. ஜூலை முதல் வாரம் தவறாமல் வந்துவிடுவதால் அப்பாதான் அவளுக்கு அந்தப் பேரை வைத்தார். அவள் மகனுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. துடுப்பு என்னைவிட உயரம், அதனால் அவன் பேர் கம்பம். அவனுக்கு ஓர் அக்காவும் உண்டு, குட்டிக்காரி. தபால்காரி ஆழத்துக்குப் போய் மீனைக் கவ்வி வருவாள். மேலே வந்ததும் அதை இரண்டாகக் கிழிப்பாள். பாதியை விட்டுவிட்டு நகர்வாள். கம்பம் சாவகாசமாக வந்து அதை விழுங்குவான். இந்த சீசனில் எங்கள் கண்ணெதிரே அவள் பிடித்தது இருபத்தாறு மீன். அதில் பத்தொன்பதில் பாதி அவனுக்குப் போனது. மகள்களுக்கு இந்த உபசாரம் குட்டி போடுகிற வரைக்கும்தான். மகன்களுக்குச் சாகிற வரைக்கும்.

தபால்காரி இந்த வருஷம் இளைத்திருக்கிறாள். தலைக்குப் பின்னால் பள்ளம் விழுந்துவிட்டது. நான் அதைக் குறித்துக்கொண்டிருந்தபோது வெர்னன், “என்ன செதிலம்மா, உங்க வீட்டைக் குறிக்கிறியா, கடலைக் குறிக்கிறியா?” என்றான். வலைக் கைப்பிடியால் அவன் முழங்காலில் ஒன்று போட்டேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அம்மாவுக்கு நாலு வரி எழுது. இந்த வருஷம் எனக்கு மீன் வேண்டாம் என்று எழுது. காரணம் எதையாவது சொல். உன் வாயால் வந்தால்தான் அவள் படகைக் கட்டிப்போடுவாள்.

அங்கே வேலை முகாமில் குளிர் இறங்கும் முன் நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள்.

உன் அக்கா,
சைமி.


சொயின்டுலா,
ஆகஸ்ட் 24, சனி.

அன்புள்ள ஓலவி,

உன் பதில் வியாழக்கிழமை என் போனுக்கு வந்தது. ‘ஒன்பது வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டேனே. நீதானே அவளிடம் சொல்வதாக இருந்தது?’ இவ்வளவுதான். உன் கணக்குக்கு இது பெரிய கட்டுரை.

அதைப் படித்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துறைக்கு நடக்கிறேன், திரும்புகிறேன், விறகு உடைக்கிறேன். ஆகஸ்டில் எதுக்குடி இவ்வளவு விறகு என்று அம்மா கேட்டுவிட்டாள். ஆக, சொல்லிவிடுகிறேன். நீ எழுதியது உண்மை. நான் அவளிடம் சொல்லவே இல்லை.

உன் அந்தக் கடிதம் எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. ஜாடி மூடியைத் திறந்தால் அப்பாவின் படகு மணக்கிறது, என்னால் விழுங்க முடியவில்லை, வருகிறதையெல்லாம் முகாம் சமையல்காரரிடம் கொடுத்துவிடுகிறேன், அம்மா மனம் நோகாமல் நீயே பக்குவமாகச் சொல் என்று எழுதியிருந்தாய். அப்பாவின் உடலைக் கடலிலிருந்து தூக்கிவந்தவன் நீதான். உனக்கு ஏன் இறங்கவில்லை என்று எனக்கு விளக்க வேண்டியதே இல்லை.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அவள் ஜாடி கழுவிக்கொண்டிருந்தாள். பாடிக்கொண்டிருந்தாள், ஓலவி. அப்பா போய் பதினாலு மாதம் கழித்து முதல் தடவையாக அவள் வாயிலிருந்து ஒரு பாட்டு. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, “தம்பி கடுதாசியா? மீனைப் பத்தி என்னடி எழுதியிருக்கான்?” என்றாள். போன வருஷம் அனுப்பியது போதவில்லையாம் என்று சொல்லிவிட்டேன். என் வாய் அதுவாகச் சொன்னது. “பார்த்தியா! நான் அப்பவே நினைச்சேன்” என்று அவள் இன்னும் பன்னிரண்டு ஜாடியை அலமாரியிலிருந்து இறக்கினாள். உன் கடிதத்தை சௌனாக் குளியலறை அடுப்பில் போட்டேன். பிறகு ஒவ்வொரு வருஷமும் சொல்ல நினைத்தேன். ஒவ்வொரு வருஷமும் அவள் பாடினாள்.

இதற்கு நீ என்னைத் திட்டலாம். ஆனால் இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. நேற்றுதான் தெரிந்தது.

வழக்கமாக உனக்கு நாற்பத்தெட்டு ஜாடி. நேற்று அலமாரியைத் திறந்தால் அறுபத்து மூன்று. இன்னும் அடுப்பில் குக்கர். நாற்பத்தெட்டு தாண்டிவிட்டதே, போதும் அம்மா, ஆஸ்பத்திரிக்குப் பையை அடுக்குவோம் என்றேன். “தொண்ணூத்தாறு ஆகணும்” என்றாள். எதற்கு என்று கேட்டதற்கு என்னை ஒரு மக்கைப் பார்க்கிறது போலப் பார்த்தாள். “ரெண்டு வருஷத்துக்கு வேணாமா? ரெண்டு வருஷம்னு நீதானேடி சொன்னே?”

எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. அவளே ஞாபகப்படுத்தினாள். ஏப்ரலில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் நான் என் வேலையைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். தாய் ஓர்க்கா செத்தால் வளர்ந்த மகன் தாக்குப்பிடிப்பது கஷ்டம், முதல் இரண்டு வருஷம்தான் கண்டம், பாதிப்பேர் அதற்குள் போய்விடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஏதோ வானிலை சொல்கிறது போல, உருளைக்கிழங்கை மென்றுகொண்டே சொல்லியிருக்கிறேன். அப்போது அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “அப்போ மகளுங்க?” என்று கேட்டாள். மகள்களுக்கு அப்படியொன்றும் ஆவதில்லை, அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்றேன். “நல்லது” என்றாள். உப்பை எடு என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

டாக்டர் அவளிடம் வால்வைப் பற்றிச் சொன்னது அதற்கு மறுவாரம்.

ஆஸ்பத்திரிக்கு அவள் பயப்படவில்லை. ஆபரேஷன் மேசையில் படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று தீர்மானித்துவிட்டாள். போவதற்கு முன் உனக்கு இரண்டு வருஷத்துக்குத் தீனி சேர்க்கிறாள். ஒரு நாளைக்கு இரண்டு மீன், அதுவும் எல்லா நாளும் கிடைப்பதில்லை. நேற்று ஒன்றுமே கிடைக்காமல் உதடு நீலம் பாரித்துத் திரும்பினாள். துறையில் கயிறு கட்டக் கை தூக்க முடியவில்லை, வெர்னன்தான் கட்டிக்கொடுத்தான். “தேதி வேணா இன்னொண்ணு வாங்கிக்கலாம், மீன் திரும்பி வருமா?” என்கிறாள். 18ஆம் தேதியையும் தள்ளப் போகிறாள், ஓலவி. நான் போன் கம்பியைப் பிடுங்கி ஒளித்துவைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு ஒளிக்க முடியும்?

மனிதனுக்கும் மீனுக்கும் வித்தியாசம் இல்லையா, அவன் கடைக்குப் போய் வாங்கித் தின்ன மாட்டானா என்று கத்தினேன். “அது மீன் இல்லைடி, பாலூட்டி. நீதான் திருத்துவே” என்று என்னையே திருத்தினாள்.

கடலில் வேறு மனசு சரியில்லை. தபால்காரியை ஆகஸ்ட் 20க்குப் பிறகு பார்க்கவில்லை. பெரிய கப்பல்கள் போகிற நாளில் அவர்கள் மீன் தேடுகிற சத்தமே இரைச்சலில் அமுங்கிவிடும், தூரம் போயிருப்பாள் என்று வெர்னன் சொல்கிறான். இருக்கலாம்.

இந்தத் தடவை உன்னை எதையும் எழுதச் சொல்லவில்லை. நான் பண்ணியதை நானே சொல்லித் தீர்க்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. எனக்காகக் கொஞ்சம் வேண்டிக்கொள், உனக்கு அந்தப் பழக்கம் இன்னும் இருந்தால்.

சைமி.


சொயின்டுலா,
செப்டம்பர் 5, வியாழன்.

ஓலவி, என் தம்பி,

தபால்காரியைக் காணாமல் இன்றோடு பதினாறு நாள். மகளும் குட்டியும் இருக்கிறார்கள், கம்பம் இருக்கிறான். அவள் மட்டும் வரிசையில் இல்லை. சீசன் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் முடிவாகச் சொல்ல வேண்டும் என்று எங்கள் வேலையில் விதி. விதி அப்படியே இருக்கட்டும், வெர்னன் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

முதல் வாரம் கம்பம் கூழாங்கல் கரைப் பக்கமே சுற்றினான். குடும்பமாக வந்து வயிற்றைக் கல்லில் உரசிக்கொண்டு விளையாடுவார்களே, அந்த இடம். அவன் உரசவில்லை. நீருக்கடியில் வைத்திருக்கிற ஒலிவாங்கியில் அவன் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரே கூப்பாடு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி அதே. அவன் அக்கா குட்டியை இழுத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே மிதந்தாள். நான் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவன் கீழே போனான். ஏழு நிமிஷம் ஆளைக் காணோம். மேலே வந்தபோது வாயில் ஒரு பெரிய சினூக். தானாகப் பிடித்தது. வெர்னன் படகிலேயே குதித்தான். “பிடிச்சுட்டான்டி! முட்டாப்பய பிடிச்சுட்டான்!” என்று கத்தினான். நானும் கத்தினேன். அப்புறம் கம்பம் அதை இரண்டாகக் கிழித்தான். ஒரு பாதியைத் தின்றான். மறுபாதியை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றான். அந்தப் பாதி தண்ணீரில் அப்படியே கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கடற்புறாக்கள் இறங்கின. நான் வலையை நீட்டிச் செதிலை அள்ளினேன். நாலு வயது மீன். குப்பியில் எழுதும்போது தேதி தப்பாகப் போட்டுவிட்டேன்.

நேராக வீட்டுக்குப் போனேன். அம்மா எண்பத்து மூன்றாவது ஜாடியில் மீன் அடைத்துக்கொண்டிருந்தாள். கடலில் பார்த்ததைச் சொன்னேன். “முழுசாத் தின்னானா?” என்று கேட்டாள். பாதிதான் தின்றான் என்றேன். அவள் கை நின்றது. அந்த இடத்தில்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன் கடிதம், அப்பாவின் படகு வாசனை, சமையல்காரர், சௌனா அடுப்பு, நான் சொன்ன பொய், ஒன்பது வருஷம். ஒன்றையும் விடவில்லை.

அடிப்பாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்தாள். கையை ஏப்ரனில் துடைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, எண்பத்து மூன்று ஜாடியையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்:

“அப்போ இத்தனை வருஷமா அவன் என்னதான்டி சாப்பிட்டான்?”

உன் கூடப் பிறந்தவள், எனக்குத் தெரியவில்லை. ரொட்டி, முட்டை, ஏதாவது சாப்பிட்டிருப்பான் என்றேன். “ஏதாவதுன்னா?” என்றாள். “காலையில என்ன? வேலை முடிஞ்சு வந்தா என்ன? யாரு குடுக்கறா?” மூன்று நாளாக இதேதான். காபிக்கு நடுவில் கேட்கிறாள். ஏலக்காய் ரொட்டி சுட்டுவைத்துவிட்டு, “இது அங்க கிடைக்குமா?” என்கிறாள். என் மேல் கோபமே இல்லை. அதுதான் எனக்கு உள்ளே அறுக்கிறது.

படகைத் துறையில் கட்டிப்போட்டுவிட்டாள், கடலுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை, 16ஆம் தேதி காலை ஃபெர்ரியைப் பிடித்தால்தான் விக்டோரியாவுக்கு நேரத்தில் போய்ச் சேர முடியும். பையை நான் அடுக்கிவிட்டேன். அவள் அதைத் தாண்டித் தாண்டி நடக்கிறாள்.

இன்று மதியம் ஒரு ஜாடியைத் திறந்தாள். கொழுப்பான வயிற்றுப்பக்கம். அப்படியே முழுசாக என் தட்டில் கவிழ்த்தாள். “நீயாவது தின்னுடி” என்றாள். நாற்பத்தோரு வருஷமாக ஆசைப்பட்ட துண்டு. எனக்கும் இறங்கவில்லை.

இந்தக் கடிதம் அடுத்த வியாழக்கிழமை விமானத்தில் உன் முகாமுக்கு வரும். செய்தியாக அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இதை நீ கையில் பிடித்துப் படிக்க வேண்டும். படித்ததும் உனக்கு மூன்று நாள் இருக்கும். அம்மாவைக் கூப்பிடு. உடம்பு எப்படி என்று கேட்காதே, ஆபரேஷனுக்குப் போ என்று புத்தி சொல்லாதே, அதெல்லாம் நான் சொல்லி அலுத்தாயிற்று. நீ என்ன சாப்பிடுகிறாய் என்று சொல். காலையில் என்ன, மதியம் என்ன, ராத்திரி என்ன, யார் சமைக்கிறார்கள், உப்பு சரியாக இருக்கிறதா, எத்தனை தட்டு வாங்கிக்கொள்வாய், எல்லாம் சொல். முடிந்தால் கொஞ்சம் நீளமாகச் சொல். பொய் வேண்டாம், இந்த வீட்டில் பொய் சொன்னவள் ஒருத்தி போதும். உன் வயிறு நிறைகிறது என்று அவள் காதால் கேட்டால் போதும், ஃபெர்ரி ஏறிவிடுவாள். அவள் திரும்பி வந்ததும் நீயும் வா, மேசையில் மீன் இருக்காது.

நலம் என்று கடைசியில் எழுதப் பார்க்கிறேன் என்றேன் இல்லையா? அந்த வரியை உனக்காக விட்டுவைக்கிறேன். எங்கே இருந்தாலும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கெட்டியாக இரு.

போன் கம்பியைத் திரும்பச் சொருகிவிட்டேன். மணி அடித்தால் நான் எடுக்கப்போவதில்லை. அம்மா அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

உன் அக்கா,
சைமி.